கொழுந்து போன கம்பி

மன்னார்த் தீவில் மலை கிடையாது. தாழ்வுபாட்டில் நான் படிப்பிக்கும் பிள்ளைகளுக்கு உயரம் என்றால் பனைமரம்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு கம்பியில் தொங்கிப் பறப்பதைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகப் படலாம். ஆனால் மலைநாட்டுக் கம்பியின் கதையில் எங்கள் கரைக்கும் ஒரு பங்குண்டு.

இன்று அதற்கு 'சிப்லைன்' என்று பெயர். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இரும்பு வடத்தைச் சாய்வாக இழுத்துக் கட்டி, அதன்மேல் ஓடும் கப்பியில் ஆளைக் கொளுவி விடுகிறார்கள். இயந்திரம் இல்லை. சாய்வும் உடற்பாரமும் போதும். சீனாவின் யுன்னான் மாகாணத்தில், நூ ஆற்றங்கரை மக்கள் பாலம் இல்லாத காலத்தில் இப்படித்தான் ஆறு கடந்தார்கள். 1970களில் கொஸ்தாரிக்காவின் காடுகளில் மர உச்சிகளை ஆராயப் போன உயிரியலாளர்கள் கயிறும் கப்பியும் கட்டினார்கள். 1990களில் அதைச் சுற்றுலாக்காரர் பிடித்துக்கொண்டார்கள். சிப்லைனின் வரலாறு என்றால் பலரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். நம் நாட்டுக் கணக்கு அதற்கும் மூத்தது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியில் இலைநோய் விழ, காலப்போக்கில் மலையெல்லாம் தேயிலையாயிற்று. கொழுந்து பறித்த அன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேரவேண்டும். சாக்கில் கிடந்து சூடேறினால் பழுது. செங்குத்தான மலையில் வண்டிப்பாதை எங்கே? மேல் மலையிலிருந்து தொழிற்சாலைவரை கம்பி இழுத்து, கொழுந்துச் சாக்குகளைக் கொளுக்கியில் மாட்டி இறக்கிவிட்டார்கள். மூணாற்றுப் பக்கமும் இதே புத்திதான். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்குப் போயின. டாப் ஸ்டேஷன்வரை பெட்டிகளைக் கொண்டுவந்த சிறு ரயில் 1924 வெள்ளத்தோடு முடிந்தது.

கொழுந்து பறந்தது. அதைப் பறித்தவர்கள் எப்படி வந்தார்கள்?

நடந்து வந்தார்கள். கோப்பிக் காலந்தொட்டே கங்காணிமார் பின்னால் பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து, தலைமன்னாரிலும் மன்னார்க் கரையோரத்திலும் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், இந்தப் பக்கம் ரயிலும் வந்தன. அதற்கு முன் நடந்தவர்களுக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டு வரி. கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு முழுப் பாடம். படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிற கணக்கு இது.

எல்லவில் இப்போது 'பறக்கும் இராவணன்' என்றொரு சிப்லைன் இருக்கிறது. நாம் பாவா ஆதம் மலை என்கிற மலையின் பெயரைச் சின்னதாக்கி வைத்துக்கொண்ட குன்றுக்குப் பக்கத்தில், அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். ஆசிரியர் கலாசாலைக் கூட்டாளிகள் நாலு பேர் போனோம். நால்வருக்கும் அதுதான் முதல் தடவை. இடுப்பிலும் தொடையிலும் பட்டி இறுக்கி, தலைக்கவசம் போட்டு மேடை விளிம்பில் நிறுத்தியபோது எனக்கு நாக்கு வறண்டது. பக்கத்தில் நின்றவர் தோட்டத்தில் பிறந்தவர்.

"அப்பாயி சொல்லும் மச்சான், கம்பியில சாக்குதான் போகும். நாங்க நடதான்" என்றார்.

அந்த நேரத்தில் கதவைத் திறந்துவிட்டார்கள்.

முதல் கணம் வயிறு மேலே வந்தது. பிறகு பயம் விட்டுப்போனது ஆச்சரியம்தான். கப்பியின் இரைச்சலும் காற்றும் மட்டும். சந்தோசமாகவே இருந்தது, அதை ஏன் மறைப்பான்? கீழே பச்சைச் சரிவு ஓடியது. பாதையும் லொறியும் வந்தபின் பழைய கொழுந்துக் கம்பிகள் பெரும்பாலும் போய்விட்டன; சரிவில் குனிந்து பறிப்பவர்கள் போகவில்லை. அவர்களுடைய நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில்தான். அதற்கும் கூடுதலாக ஆளுக்கொரு சீட்டு வாங்கித்தான் நாங்கள் இறங்கினோம். நான் போய்ச் சேர்ந்தபோது கீழே ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சாக்கு நிறுக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.