முயற்சியைக் கைவிடும் மீன்

1800ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கோவை, மலபார் என்று ஊர் ஊராகக் குறிப்பெடுத்துச் சென்ற ஃப்ரான்சிஸ் புகானனை வரலாற்று வாசகர்கள் அறிவர். அதே மனிதர், பின்னாளில் ஹாமில்டன் என்ற பெயரில், கங்கையின் மீன்களைப் பற்றி 1822இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் விரல் நீளம்கூட இல்லாத, நீலக் கோடுகள் ஓடும் மீனொன்றும் இடம்பெற்றது. இன்று நாம் வரிக்குதிரை மீன் என்பது அதைத்தான்.

கண்ணாடித் தொட்டிகளின் அலங்காரமாக அறியப்பட்ட அம்மீனுக்கு மரபியலில் நிலையான இடம் தேடித் தந்தவர் ஜார்ஜ் ஸ்ட்ரைஸிங்கர். புடாபெஸ்டில் பிறந்து, சிறுவயதில் நாஜி அச்சுறுத்தலுக்குத் தப்பி அமெரிக்கா வந்தவர். வைரஸ்களின் மரபியலில் பெயர் பெற்றபின், முதுகெலும்புள்ள உயிரின் நரம்பு மண்டலத்தை அறிய விரும்பி ஓரகன் பல்கலைக்கழகத்தில் மீன் வளர்த்தார். ஒரே மரபமைப்புக் கொண்ட மீன்களை உருவாக்கியதை 1981இல் அறிவித்தார், 1984இல் மறைந்தார்.

இம்மீன் குஞ்சின் உடல் ஒளி ஊடுருவக்கூடியது. மூளையில் ஏறத்தாழ ஒரு லட்சம் நியூரான்கள். செயல்படும்போது ஒளிரும்படி மரபணுவை மாற்றிவிட்டால், மண்டையைத் திறக்காமலே மூளையைப் பார்க்கலாம். 2013இல் ஜனேலியா ஆய்வகத்தில் மிஷா ஆரன்ஸும் ஃபிலிப் கெல்லரும் அவற்றில் எண்பது சதவீதத்தை ஒருசேரப் படம்பிடித்தனர்.

நம்மை வெகுநேரம் யோசிக்க வைத்தது ஆரன்ஸ் குழுவினரின் 2019ஆம் ஆண்டுச் சோதனை. அசையாமல் நிறுத்தப்பட்ட குஞ்சின் கீழே கோடுகள் நகர்கின்றன. நீரோட்டம் தன்னை இழுத்துச் செல்வதாக அது உணர்ந்து, எதிர்நீச்சலிட முனைகிறது. முயற்சிக்கு ஏற்பக் கோடுகள் பின்வாங்கும்வரை சிக்கலில்லை. அவை பின்வாங்காமல் செய்துவிட்டால் குஞ்சு முதலில் ஆவேசமாகப் போராடுகிறது, பிறகு ஓய்ந்துவிடுகிறது. தோல்வியை நார்அட்ரினலின் சுரக்கும் நியூரான்கள் அறிவிக்கின்றன. அந்தத் தோல்விகளைக் கூட்டிக் கணக்கு வைப்பவையோ நியூரான்களே அல்ல, கிளையா செல்கள்! பசை என்ற பொருளில் விர்ஹோ சூட்டிய பெயரோடு நூறாண்டுக்கும் மேலாக வெறும் தாங்குபொருளாக எண்ணப்பட்டவை. அவற்றைச் செயலிழக்கச் செய்தால் மீன் எளிதில் ஓய்வதில்லை. செயற்கையாகத் தூண்டினால், தோல்வி இல்லாமலே ஓய்ந்துவிடுகிறது.

இதை 'மனச்சோர்வு' என்றெழுத நமக்குத் தயக்கமே. மீனின் மனம் எதுவென்று யார் கண்டார்? ஆயினும் மனச்சோர்வு நோயாளிகளுக்குத் தரப்படும் கெட்டமின் மருந்தைச் சிறிது நேரம் கொடுத்தால், மருந்து நீங்கிய பின்னும் குஞ்சுகள் முன்னைவிட நீண்ட நேரம் போராடுவதாக 2025இல் நியூரான் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அம்மருந்து மாற்றியதும் அதே கிளையா செல்களின் இயக்கத்தைத்தான்.