பீருக்குள் ஒரு கண்காணாத் தொழிலாளி

பார்லியை நீரில் ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. இந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆறவிடுவார்கள். இதுவரை மனிதனின் வேலை. சாற்றைப் பீராக்குவது வேறொரு தொழிலாளி. அது யார் என்று அறிய மனிதனுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன!

முற்கால ஐரோப்பாவில் பீர் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. முந்தைய பீரின் நுரையிலோ வண்டலிலோ சிறிது எடுத்துப் புதிய சாற்றில் விடுவார்கள். அது பொங்கி நுரைக்கும். காரணம் தெரியாது. 1516-இல் பவேரியாவில் வந்த சட்டம் பீருக்கு பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றையே அனுமதித்தது. ஈஸ்ட் அதில் குறிப்பிடப்படவில்லை.

1680-இல் ஹாலந்தின் லீவன்ஹூக் பீர்த் துளியை உருப்பெருக்கியில் நோக்கி, நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். அவை உயிருள்ளவை என்பதை அவர் அறியவில்லை. 1837-ஐ ஒட்டி, பிரான்சின் காஞார் லத்தூர், ஜெர்மனியின் ஷ்வான், குட்சிங் ஆகிய மூவரும் தனித்தனியே ஆராய்ந்து, ஈஸ்ட் ஓர் உயிர் என்றனர். வேதியியல் மேதைகளான லீபிக்கும் வோலரும் 1839-இல் பெயரிடாத கட்டுரை ஒன்றில் இதைக் கேலி செய்தார்கள். ஆனால் லூயி பாஸ்டரின் சோதனைகள் அந்த மூவரின் பக்கமே நின்றன. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வேறு நுண்ணுயிர்கள் புகுந்தால் பீர் கெடுகிறது. 1876-இல் பீரைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார்.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் பீர் கெட்டுப்போயிற்று. அங்கிருந்த ஆய்வாளர் எமில் ஹான்சன், ஈஸ்ட்டிலேயே பல இனங்கள் உண்டு, அவற்றுள் சில பீரைக் கெடுப்பவை என்று கண்டார். 1883-இல் ஒரே ஒரு நல்ல செல்லைப் பிரித்தெடுத்துப் பெருக்கித் தூய ஈஸ்ட்டை உருவாக்கினார். ஆலை அதிபர் யாகப்சன் இதை மறைத்துவைத்துப் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ மற்ற ஆலைகளுக்கும் அதை வழங்கினார்!

இன்று மேலைநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சத் தொடங்குபவர் கடையில் வாங்கும் ஈஸ்ட் பொட்டலம் இந்த வரலாற்றின் விளைவே. பாத்திரங்களை மிகத் தூய்மையாக வைக்கவேண்டும் என்பது அவருக்கு முதல் பாடம். ஏன்? நல்ல தொழிலாளிக்கு முன்பாக வேண்டாதவை புகுந்துவிடக் கூடாது அல்லவா!