விற்கக் கூடாத நிலத்துக்கு என்ன விலை?

பாலவனத்தம் என்றதும் பலருக்கும் பாண்டித்துரைத் தேவர் நினைவுக்கு வருவார். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஜமீன்தார். அந்த ஜமீன் காட்டில் உழைத்த சேரி மக்களின் பட்டா பற்றித்தான் பேச்சே இருப்பதில்லை.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892-இல் பஞ்சமி நிலம் வந்தது. அது அரசுத் தரிசு இருந்த ரயத்துவாரி ஊர்களுக்கானது. ஜமீன் ஊர்களில் தரிசும் ஜமீனுக்கே.

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. ஜமீனுக்கு என்ன விலை? பக்கத்து ஜமீன் இன்ன விலைக்குப் போனது என்று காட்டக் கிரயப் பத்திரம் ஏது? அதற்காக அரசு கையை விரிக்கவில்லை. நிகர வருமானத்திலிருந்து 'அடிப்படை ஆண்டுத் தொகை' என்று ஒன்றைக் கணக்கிட்டு, சிறிய ஜமீனுக்கு அதைப்போல் 30 மடங்கு, மிகப் பெரிய ஜமீனுக்கு 12½ மடங்கு என்று இழப்பீடு வைத்தது.

வருமானத்தைப் பெருக்கும் இந்த வழியை நீதிமன்றங்களும் ஏற்றன. ஆனால் விவசாய நிலத்துக்கு 1984-இல் வீரபத்ரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பெருக்கம் 10. வட்டி ஏறிவிட்டதாம். சரி, இருக்கட்டும். கரிசல் மானாவாரியில் எந்த வருஷத்து வருமானத்தைப் பெருக்குவது? மழை பொய்த்த வருஷத்தையா? சோளமும் பருத்தியும் நின்ற காட்டில் இப்போது சீமைக் கருவேலம். கரிமூட்டம் போட்டு வரும் காசுக்கு யார் ரசீது தருகிறார்கள்?

நிபந்தனைப் பட்டாவில் சிக்கல் இன்னும் கூடுதல். பஞ்சமி நிலத்தைப் பத்தாண்டு விற்கக் கூடாது; பிறகும் நம் மக்களுக்கே விற்கலாம். அந்த நிபந்தனை நமக்குக் காவல், அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் விற்காததால் பத்திரம் இல்லை, பத்திரம் இல்லாததால் மதிப்பு இல்லை என்று அதையே நம் கழுத்துக்குச் சுருக்காக்குகிறார்கள். ஒப்படை நிலத்துக்கும் முழு உரிமையாளருக்கு உள்ள சந்தை மதிப்பு உண்டு என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2004-இலேயே, மேகலா பாண்டு வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

2013 நிலம் எடுப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவைப் படியுங்கள். வழிகாட்டி மதிப்பு ஒன்று. மூன்றாண்டுப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி இன்னொன்று. பொதுவாக எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். விற்பனையைச் சட்டமே தடுத்திருந்தாலும், மூன்றாண்டுப் பத்திரம் இல்லாவிட்டாலும், ஒட்டியுள்ள பகுதியின் அதே வகை நிலத்தை வைத்து மாநில அரசு குறைந்தபட்ச விலை குறிக்க வேண்டும்.

ஆகவே நோட்டீஸ் வந்தால் விற்பனைப் புள்ளிவிவரத்தைக் கேட்டு வாங்குங்கள். எடுத்தது எந்தப் பத்திரம், ரோட்டோரமா, சேரி ஓரமா என்று சர்வே எண்ணை வைத்துப் பாருங்கள். சேரியை ஒட்டிய நிலம் சாதியால் விலை இறங்கிய நிலம். நம் நிலத்துக்கு அதையே அளவுகோலாக எடுத்திருந்தால் ஆட்சேபணை மனுவில் முதல் வரியாக அதை எழுதுங்கள். பக்கத்து ஊர்ப் பத்திர நகல்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் கிடைக்கும்.