கடைசியில் நின்ற 'ஆன்'

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையில் எழுதினான்: 'திஸ் இஸ் தி மேட் விச் ஐ ஸ்லெப்ட்.' இது நான் படுத்த பாய் என்று சொல்ல வந்தவன். முப்பத்தொரு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். வருஷம் தவறாமல் இந்த வாக்கியம் வேறு வேறு கையெழுத்தில் என் மேஜைக்கு வந்துவிடும். ஒருத்தி 'தி பென் விச் ஐ ரைட்' என்பாள், இன்னொருத்தன் 'தி ஹவுஸ் விச் ஐ லிவ்' என்பான். 'ஆன்', 'வித்', 'இன்' என்று கடைசியில் நிற்கவேண்டிய ஒரு சின்னச் சொல் எல்லாவற்றிலும் காணாமல் போயிருக்கும்.

சோம்பேறித்தனம், கவனக்குறைவு என்று பிள்ளைகளைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 'பாயில் படுத்தேன்' என்கிறோம்; அதில் 'இல்' இருக்கிறது. 'நான் படுத்த பாய்' என்று மாற்றியதும் அந்த 'இல்' எங்கே போயிற்று? 'கத்தியால் வெட்டினேன்', 'நான் வெட்டிய கத்தி'. 'ஆல்' இல்லை. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்று ஆறு வகைப் பெயரோடும் பெயரெச்சம் சேரும் என்று நன்னூல் வகுத்திருக்கிறது. எந்த உறவானாலும் வேற்றுமை உருபு விழுந்துவிடும், கேட்பவருக்கு விளங்கிவிடும். அந்தப் பையன் தமிழ் இலக்கணத்தைத் துளியும் பிசகாமல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.

ஆங்கிலத்தில் அது நடக்காது. பெயர் முன்னால் போய்விட்டாலும் அந்தச் சின்னச் சொல், அதாவது ப்ரெபொசிஷன், எங்காவது உட்கார்ந்தாக வேண்டும். எங்கே என்பதில்தான் அவர்களுக்குள்ளேயே முந்நூறு வருஷத்துக்கு மேலாக வழக்கு.

அந்த வழக்கில் எனக்கும் ஓர் அடி விழுந்தது. 1978-ல் கல்லூரியில் ஒரு கட்டுரைத் தேர்வு. 'தி ஹவுஸ் ஐ வாஸ் பார்ன் இன்' என்று எழுதியிருந்தேன். திருத்தியவர் அந்த 'இன்'-ஐச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஒரு நீளமான அம்புக்குறி போட்டு, 'ஹவுஸ்' பக்கத்தில் கொண்டுபோய் 'இன் விச்' என்று வைத்திருந்தார். அரை மதிப்பெண் போயிற்று. எதனால் தவறு என்று போய்க் கேட்டேன். "ப்ரெபொசிஷன் கடைசியில வரக்கூடாதும்மா, அவ்வளவுதான்" என்றார். அரை மதிப்பெண்ணை மறந்துவிட்டேன். அந்த 'அவ்வளவுதான்' மட்டும் இன்றுவரை உறுத்துகிறது. வரக்கூடாது என்று சொன்னது யார்? நூலகத்தில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ஹூவும் விச்சும் கேள்வி கேட்கிற சொற்கள். பெயரையும் வினையையும் கோக்கிற வேலை அவற்றுக்கு இல்லை. அந்த வேலையைச் செய்தவற்றில் ஒன்று 'தெ' என்ற ஒரு சிறு சொல். ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் அது உருமாறாது. அதற்கு முன்னால் ப்ரெபொசிஷனை வைக்கவும் முடியாது. ஆகவே ப்ரெபொசிஷன் பின்னாலேயே, வினைச்சொல்லை ஒட்டி நின்றது. பிறகு 'தட்' அந்த இடத்துக்கு வந்தது. குணம் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் 'தி ஹவுஸ் இன் தட் ஐ லிவ்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். 'தட்' போட்டால் 'இன்' கடைசிக்குத்தான் போகவேண்டும். விச், ஹூ எல்லாம் பிறகு வந்தவை. 1611-ல் அச்சான பைபிளில் பரலோகப் பிதாவுக்கே 'விச்' போட்டிருப்பார்கள். ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச் என்ற பங்கீடு அதற்கப்புறம்தான் உறுதிப்பட்டது.

என் தேர்வுத்தாளில் அந்த அம்புக்குறியைப் போட்ட கையைத் தேடிக்கொண்டே போனால் ஜான் டிரைடனிடம் போய் நிற்கிறோம். பெரிய கவிஞர், நாடகாசிரியர். 1672-ல், 'கிரனடா வெற்றி' என்ற தம் நாடகத்தோடு ஒரு கட்டுரை சேர்த்து வெளியிட்டார். முந்தைய தலைமுறையின் பென் ஜான்சன் எழுதிய 'கேட்டிலைன்' நாடகத்திலிருந்து சில அடிகளை எடுத்துப் பிழை சொன்னார். அவற்றில் ஒன்று 'ஃப்ரம்' என்று முடிந்திருந்தது. கடைசியில் இப்படி வைப்பது ஜான்சனின் வழக்கமான குறை, என் எழுத்திலும் இதை அண்மையில்தான் கண்டேன் என்றார். அதோடு விடவில்லை. 1668-ல் தாம் எழுதிய நாடகக்கலைக் கட்டுரையை 1684-ல் மறுபதிப்புக்கு எடுத்தபோது, கடைசியில் நின்ற ப்ரெபொசிஷன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முன்னால் நட்டார். தம் ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் லத்தீனில் பெயர்த்துப் பார்ப்பதுண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். லத்தீனில் ப்ரெபொசிஷன் தன் பெயரை விட்டுத் தனியாகக் கடைசியில் போய் நிற்காது. அந்தச் சொல்லுக்கே 'முன்னால் வைப்பது' என்றுதான் பொருள். இன்னொரு மொழியின் அளவுகோலை வைத்துத் தம் தாய்மொழியை அளந்துவிட்டார் என்பதே என் எண்ணம். அவ்வளவு பெரிய கவிஞர் தம் பழைய பக்கங்களை எடுத்துவைத்துத் திருத்திக்கொண்டிருக்கும் காட்சி என்னை வருத்துகிறது.

தொண்ணூறு வருஷம் கழித்து, 1762-ல், ராபர்ட் லௌத் ஓர் ஆங்கில இலக்கணம் வெளியிட்டார். பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். விதியின் பழி பெரும்பாலும் இவர் தலையில்தான் விழும். படித்துப் பார்த்தால் அவர் தடை எதுவும் போடவில்லை. நம் மொழி இந்த வழக்கை நாடுகிறது, பேச்சில் பரவலாக இருக்கிறது, எளிய நடைக்குப் பொருந்துகிறது; உயர்ந்த நடைக்கு முன்னால் வைப்பது அழகு. அவர் சொன்னது இவ்வளவே. அதைச் சொன்ன வாக்கியத்திலேயே 'டு'-வைப் பேச்சுவழக்குப்படி பின்னால் விட்டிருந்தார்.

1795-ல் லிண்ட்லி மர்ரே வந்தார். அமெரிக்க வழக்கறிஞர், இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறியவர். அங்கிருந்த குவேக்கர் பெண்கள் பள்ளிக்காக ஓர் இலக்கணம் எழுதினார். லௌத்தின் வாக்கியத்தை எடுத்தாண்டவர், அந்த 'டு'-வைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார்! அவர் புத்தகம் பதிப்புமேல் பதிப்பாகக் கடல்கடந்து பள்ளிகளுக்குப் போயிற்று. நடைக்கு ஏற்றபடி என்று லௌத் விட்டுவைத்திருந்த இடம் வகுப்பறைகளில் சுருங்கிக்கொண்டே வந்தது. 1926-ல் ஃபௌலர் தம் ஆங்கிலச் சொல்வழக்கு அகராதியில் இந்தத் தடை வெறும் மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டார். என் தாள் திருத்தப்பட்டது அதற்கு ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து.

எது எங்கே நிற்பது என்பது பாதிதான். எந்த வினையோடு எது சேரும் என்பதுதான் பிறமொழிக்காரர்களைக் கண்ணீர்விட வைப்பது. 'லிசன்' என்றால் 'டு' வேண்டும், 'டிஸ்கஸ்' என்றால் 'அபௌட்' கூடாது. 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ' என்றுதான் சொல்லவேண்டும். 'டெல் மீ' சரியென்றால் இது ஏன் தவறு? ஆங்கிலேயருக்கு இந்தக் கேள்வியே எழாது. எழுந்த இடம் ஜப்பான்.

1922-ல் ஹெரால்ட் பாமர் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்துக்கு ஆலோசகராகப் போனார். அடுத்த வருஷம் டோக்கியோவில் ஆங்கிலம் கற்பிப்பதை ஆராயும் நிறுவனம் ஒன்று தொடங்கினார். அதில் பிறகு சேர்ந்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. தம் மாணவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, ஆங்கில வினைச்சொற்கள் தம்மோடு எதையெல்லாம் சேர்த்துக்கொள்கின்றன என்பதை இருபத்தைந்து அமைப்புகளாக வகுத்தார்கள். கேட்டன்பி, வேக்ஃபீல்ட் இருவரோடு சேர்ந்து ஹார்ன்பி தொகுத்த அகராதி, போர் நடுவே 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதையே மறுபடி அச்சிட்டது. ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் போனால், 'எக்ஸ்ப்ளெயின்' தனக்குப் பின்னால் யாரை உட்கார வைக்கும், யாரை வைக்காது என்று தெரிந்துவிடும். வரக்கூடாது என்ற அதட்டல் அதில் இல்லை. இந்தச் சொல் இப்படிப் பழகுகிறது, பார் என்று காட்டியது. எனக்குப் பாடம் நடத்தச் சொல்லித்தந்தது அந்தப் புத்தகம்தான்.

கரும்பலகை முன்னால் அந்தப் பையன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். "தம்பி, பாயை விடு. முதல்ல நீ எங்க படுத்தேன்னு சொல்லு" என்றேன். 'ஐ ஸ்லெப்ட் ஆன் தி மேட்' என்று எழுதினான். 'தி மேட்' என்பதை மட்டும் டஸ்டரால் அழிக்கச் சொல்லி, வாக்கியத்துக்கு முன்னால் எழுதச் சொன்னேன். எழுதினான். 'தி மேட் ஐ ஸ்லெப்ட் ஆன்.' கடைசியில் தனியாக நின்ற 'ஆன்'-ஐப் பார்த்து அதையும் அழிக்க டஸ்டரைத் தூக்கினான்.

"அது இருக்கட்டும்" என்றேன்.

"மிஸ், அதுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லையே?"

"இல்லைதான். அதான் அதோட இடம்."

டஸ்டரைக் கீழே வைத்துவிட்டு, அந்த 'ஆன்'-க்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்தான்.