மண்டையோட்டுக்குக் கீழே இருந்த நிரல்
(கட்டற்ற மென்பொருளின் கதை – 6)

1985. ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு வந்த செய்தி சுருக்கமானது. க்னூ ஈமேக்ஸ் என்ற அவருடைய எடிட்டரின் ஒரு பகுதி தங்களுக்குச் சொந்தம், அதை விநியோகிப்பதை நிறுத்த வேண்டும் என்றது யுனிபிரஸ் என்ற கம்பெனி.

இடி யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். தான் எழுதப்போகும் நிரலுக்கு எம்.ஐ.டி. உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காகவே 1984 ஜனவரியில் வேலையை விட்டவர் ஸ்டால்மன். சென்ற வாரம் பார்த்தோம். உரிமை விஷயத்தில் அவ்வளவு முன்ஜாக்கிரதை. அவருடைய எடிட்டருக்குள் அடுத்தவர் நிரல் எப்படி வந்தது?

அந்த அடுத்தவர் ஜேம்ஸ் காஸ்லிங். பின்னாளில் ஜாவா மொழியை உருவாக்கிய அதே காஸ்லிங்தான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1981இல், யுனிக்ஸில் ஓடும் ஓர் ஈமேக்ஸை எழுதினார். முதலில் பலருக்கும் தாராளமாகக் கொடுத்தார். பிறகு யுனிபிரஸுக்கு விற்றுவிட்டார். காஸ்லிங்கோடு சேர்ந்து உழைத்த ஒருவருக்கு, விநியோகிக்கலாம் என்று மின்னஞ்சலில் அனுமதி கிடைத்திருந்ததாம். அதை நம்பித்தான் எடுத்தேன் என்பது ஸ்டால்மன் தரப்பு. யுனிபிரஸ் அதை ஏற்கவில்லை.

சிக்கிய பகுதி எது தெரியுமா? திரையில் எழுத்தைக் காட்டும் நிரல். அன்றைய டெர்மினல்களில் பல, டெலிபோன் லைன் வழியாக வினாடிக்கு 30 எழுத்துதான் வாங்கும். திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. முழுத் திரையையும் திரும்ப எழுத ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு வார்த்தையை அழித்ததற்காக யார் அவ்வளவு நேரம் காத்திருப்பார்? எனவே பழைய திரையையும் புதிய திரையையும் ஒப்பிட்டு, எந்தெந்த எழுத்தை மட்டும் அனுப்பினால் போதும் என்று கணக்குப் போட்டது காஸ்லிங்கின் நிரல். நெருங்குபவர்களை எச்சரிக்க, எழுத்துகளாலேயே வரைந்த ஒரு மண்டையோடும் குறுக்கெலும்புகளும் அதன் தலைப்பில் இருந்தன. அத்தனை சிடுக்கான வேலை.

ஸ்டால்மனுக்குப் பின்னால் அப்போது ஒரு நிறுவனம்கூட இல்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பிறந்தது அந்த ஆண்டு அக்டோபரில்தான். அவர் வழக்காடவில்லை. அந்தப் பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே புதிதாக எழுதினார். 1985 ஜூலையில் 16.56ஆம் பதிப்பு வந்தபோது ஈமேக்ஸில் காஸ்லிங்கின் நிரல் இல்லை.

தப்பித்தாயிற்று. ஆனால் நாளைக்கு இன்னொருவர் இதே உரிமையோடு வந்து நின்றால்?

அதற்கு ஸ்டால்மன் கண்ட பதில், காகிதம். அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றித் தர வாய்ச்சொல் போதாது. எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். நிலத்துக்குப் பத்திரம் மாதிரி. ஈமேக்ஸுக்குக் குறிப்பிடத்தக்க அளவில் நிரல் தருபவர்கள் தங்கள் பதிப்புரிமையை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. பதிலுக்கு, அந்த நிரலை என்றும் கட்டற்றதாகவே வைத்திருப்போம் என்று அறக்கட்டளை உறுதி தரும். எழுதியவரும் தன் நிரலைத் தன் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளலாம். ஏறத்தாழ 15 வரிக்குள் அடங்கும் சின்னத் திருத்தத்துக்குப் பத்திரம் தேவையில்லை.

அதோடு முடியவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதியது அமெரிக்கச் சட்டத்தில் முதலாளிக்குச் சொந்தம். எனவே உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. இதில் எங்களுக்கு உரிமை இல்லை என்று உங்கள் கம்பெனியும் எழுதித் தர வேண்டும். இரவில் வீட்டில் உட்கார்ந்து ஆசையாக எழுதிய நிரலுக்காக, பகலில் கம்பெனி வக்கீலின் அறை வாசலில் நிற்க வேண்டிய நிலை.

எரிச்சலூட்டும் விதிதான். ஆனாலும் நான் அதன் பக்கம் நிற்கிறேன். ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். க்னூவின் சி கம்பைலரோடு இணைந்து ஓடும் ஆப்ஜெக்டிவ் சி மொழிக்கான பகுதியைப் பூட்டி வைக்கப் பார்த்தது. கம்பைலரின் பதிப்புரிமை அறக்கட்டளையிடம் இருந்ததால் ஸ்டால்மனால் உரிமையாளர் தரப்பிலிருந்தே முடியாது என்று சொல்ல முடிந்தது. நெக்ஸ்ட் இறங்கி வந்தது, நிரல் வெளியானது. உரிமை நூறு பேரிடம் சிதறிக் கிடந்திருந்தால், இப்படி ஒரே குரலில் மறுக்க யார் இருந்திருப்பார்கள்?

ஆனால் அதே காகிதம் இன்னொரு முகத்தையும் காட்டப் போகிறது.

1991. கலிபோர்னியாவின் மென்லோ பார்க். லூசிட் என்ற கம்பெனிக்குத் தன் புதிய தயாரிப்புக்காக ஈமேக்ஸ் 19 உடனடியாகத் தேவை. ஸ்டால்மனிடமிருந்து அது வருகிறபாடாக இல்லை. லூசிட்டின் புரோகிராமர்கள் பொறுமையிழந்து, ஈமேக்ஸ் 19இன் முடிவடையாத வரைவை எடுத்துத் தாங்களே தனியாக வளர்க்க உட்கார்கிறார்கள். 1994இல் அந்தக் கம்பெனி திவாலாகும், எடிட்டரோ எக்ஸ்ஈமேக்ஸ் என்ற பெயரில் பல கைகளில் வளரும். அதன் உரிமமும் க்னூ பொது உரிமமான ஜி.பி.எல்.தான், உலகில் யார் வேண்டுமானாலும் அதன் நிரலை எடுத்து, அதே உரிமத்தில் வெளியிடும் தங்கள் மென்பொருளில் சேர்க்கலாம். சட்டம் தடுக்காத அந்த நிரலில் ஒரு பெரும்பகுதியைத் தன் ஈமேக்ஸில் சேர்க்க மறுத்தவர், அந்த உரிமத்தை எழுதிய ஸ்டால்மனேதான்.

ஏன்? அடுத்த வாரம்.