பெரிய தெருவில் படித்த சந்திரசேகர்

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளி தோன்றிய வரலாற்றையும் பெரிய தெருவில் நிற்கும் அதன் கட்டடத்தின் அழகையும் பள்ளியின் இவ்விழா மலரைப் படிப்போருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த தலம் திருவல்லிக்கேணி. போர்க்களத்தில் கீதை உபதேசித்த பார்த்தசாரதியின் சந்நிதிக்கு அருகில் ஒரு கல்விச்சாலை தழைத்தது பொருத்தம்தான்.

மலர்க் குழுவினர் கேட்டது இங்கே படித்துப் புகழ்பெற்றோரைப் பற்றி. பலரைப் பட்டியலிடுவதைவிட ஒருவரை நின்று பார்ப்பது தகும்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதுவரை வீட்டிலேயே படித்தார். 1922 முதல் 1925 வரை இப்பள்ளி மாணவர். பிறகு மாநிலக் கல்லூரி. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞர், எரிந்து தீர்ந்த விண்மீன் வெண்குறுமீனாக நிலைபெற அதன் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று பயணத்திலேயே கணக்கிட்டார். சூரியனின் நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று அறியப்படும் அந்தச் சந்திரசேகர் எல்லையை வானியலாளர் எடிங்டன் 1935-இல் வெளிப்படையாக மறுத்தார். சந்திரசேகர் சோர்ந்து ஒதுங்கவில்லை. 1983-இல் நோபல் பரிசு வந்தது.

  

சந்திரசேகரின் குருபக்திதான் இக்கட்டுரையாளரின் நெஞ்சில் அதிகம் பதிந்தது. புறநானூற்றில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், ஆசிரியருக்கு இடர் வந்தால் உதவ வேண்டும், வழிபட வெறுக்காமல் கற்க வேண்டும் என்கிறான். சந்திரசேகர் நேரில் காணாத ஒருவரையே குருவாகக் கொண்டார். 1920-இல் கணிதமேதை ராமானுஜன் மறைந்த செய்தியை நாளிதழில் படித்துத் தாயார் சீதாலட்சுமி சொன்னபோது அவருக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. ராமானுஜனுக்கு நல்ல படம் ஒன்று இல்லையே என்ற குறை அவரோடு பணிசெய்த கணிதவியலாளர் ஹார்டிக்கு இருந்தது. 1936-இல் இந்தியா வந்த சந்திரசேகர், ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிச் சென்று பார்த்து, பழைய கடவுச்சீட்டிலிருந்த படத்தைப் பெற்றுத் தந்தார். ஹார்டியின் 1940-ஆம் ஆண்டு நூலில் அது இடம்பெற்றது; பின்னர் பால் கிரான்லண்ட் வடித்த மார்பளவுச் சிலைக்கும் அதுவே ஆதாரம். ஜானகி அம்மாள் நெடுங்காலம் வாழ்ந்ததும் இதே திருவல்லிக்கேணியில், அனுமந்தராயன் கோயில் தெருவில்!

இன்று இங்கே கணிதம் பயிலும் பிள்ளைகளே, சந்திரசேகரின் ‘உண்மையும் அழகும்’ கட்டுரைகளை ஆசிரியரின் துணையோடு படியுங்கள். விழாக் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம்: அந்தக் கடவுச்சீட்டுப் படத்தைப் பெரிதாக்கி, அது கிடைத்த வரலாற்றையும் எழுதி, பள்ளியின் கணித வகுப்பறையில் இவ்வாண்டே மாட்டி வையுங்கள்.