புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கையும் வழிகாட்டும் ஆசிரியரும்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளும் 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தன. தனக்கெனக் கல்வி வாரியம் இல்லாததால், புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின.

மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களைச் 'சென்டாக்' எனப்படும் மையச் சேர்க்கைக் குழு நிரப்புகிறது. எனவே வெவ்வேறு வாரியங்களில் படித்தோரின் விண்ணப்பங்கள் ஒரே அலுவலகத்துக்கு வருகின்றன. அங்கு சான்றுகளைச் சரிபார்ப்பவர் நான்கு பகுதிகளின் நடைமுறையையும் அறிந்திருக்க வேண்டும்.

விதிகளும் அடிக்கடி மாறின. 2017 முதல் மருத்துவ இடங்கள் நீட் மதிப்பெண்படி நிரப்பப்படுகின்றன. ஜிப்மர் நடத்திய தனி நுழைவுத்தேர்வு 2019உடன் நின்றது. 2023இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 10 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. அதே காலத்தில் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு இவற்றை வீட்டில் எடுத்துச்சொல்ல ஆளிருப்பதில்லை. பள்ளி ஆசிரியரே வழிகாட்டி. அவர் சென்ற ஆண்டு விதியை நம்பிச் சொன்னால், தகுதியுள்ள மாணவரும் இடத்தை இழக்க நேரிடும். ஆகவே சேர்க்கை அலுவலருக்கும் ஆசிரியருக்கும் ஆண்டுதோறும், விண்ணப்பம் தொடங்கும் முன்பே, பயிற்சி தேவைப்படுகிறது.